நூறு வரை சொல்கிறாள், ஏழு கொட்டை எடுத்துத் தரத் தெரியவில்லை

கேள்வி: மகளுக்கு ஐந்து வயது ஆகப்போகிறது, யு.கே.ஜி. படிக்கிறாள். ஒன்று முதல் நூறு வரை தடையில்லாமல் சொல்கிறாள். ஆனால் ‘ஏழு புளியங்கொட்டை எடுத்துக் குடு’ என்றால் கைக்கு வந்ததை அள்ளித் தருகிறாள். 3, 7 இரண்டையும் திருப்பி எழுதுகிறாள். அரைப் பக்கம் எழுதுவதற்குள் கை வலிக்கிறது என்று அழுகை. பள்ளியில் தினமும் இரண்டு பக்கம் வீட்டுப்பாடம். வீட்டில் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

பதில்:

எண் தெரிவது ஒரு வேலை, எண்ணை எழுதுவது இன்னொரு வேலை. இரண்டும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. யு.கே.ஜி. வீட்டுப்பாடம் இரண்டையும் ஒரே நோட்டில் கட்டிப்போட்டுவிடுகிறது, சிக்கலின் பாதி அதில்தான் இருக்கிறது.

‘ஒன்று முதல் நூறு வரை எழுதி வா’ என்ற வீட்டுப்பாடத்தைக் குழந்தை எப்படி முடிக்கிறது என்று ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். இருபதுகள் வரும் பத்தியில் முதலில் மேலிருந்து கீழாக 2, 2, 2 என்று போட்டுக்கொண்டே இறங்கும். பிறகு மறுபடி மேலே போய் 1, 2, 3 என்று பக்கத்தில் ஒட்டிக்கொண்டே வரும். இருபத்து மூன்று என்ற எண் ஒருமுறைகூட மனதில் வந்திருக்காது. கை வலித்ததுதான் மிச்சம். அதனால் உங்கள் வீட்டில் இரண்டையும் பிரித்துவிடுங்கள். எண் சொல்லித்தரும் நேரத்தில் பென்சில் வேண்டாம். எழுதப் பழக்கும் நேரத்தில் நீளமான பக்கம் வேண்டாம்.

சொல்வது வேறு, எண்ணுவது வேறு

நூறு வரை சொல்வது பாட்டு ஒப்பிப்பது போலத்தான். எண்ணுவதற்கு அதற்கு மேலும் சில விஷயங்கள் பிடிபட வேண்டும். ரோச்சல் கெல்மன், கேலிஸ்டல் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1978இல் இவற்றை ஐந்தாக வகுத்தார்கள். ஒரு பொருளுக்கு ஒரே ஒரு எண்பெயர். எண்பெயர்களின் வரிசை மாறாது. கடைசியில் சொன்ன எண்பெயர்தான் மொத்தக் கூட்டத்தின் அளவு. எதை வேண்டுமானாலும் எண்ணலாம். எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கினாலும் விடை மாறாது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்கள் மகளுக்கு இன்னும் பிடிபடாதது மூன்றாவது.

உறுதி செய்துகொள்ள ஐந்து நிமிடம் போதும். பாட்டில் மூடி ஐந்தை வரிசையாக வைத்து எண்ணச் சொல்லுங்கள். முடித்தவுடன் “மொத்தம் எத்தனை இருக்கு?” என்று கேளுங்கள். “அஞ்சு” என்று சொல்லாமல் மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கினால், ‘எத்தனை’ என்ற கேள்வி அவள் காதில் ‘எண்ணு’ என்ற கட்டளையாகத்தான் விழுகிறது. அடுத்து, மூடிகளைக் குவித்து வைத்து “ரெண்டு குடு”, “மூணு குடு”, “நாலு குடு” என்று ஏற்றிக்கொண்டே போங்கள். எங்கே அள்ளித் தரத் தொடங்குகிறாளோ அதற்கு முந்தைய எண்தான் அவளுடைய உண்மையான எல்லை. நூறு அல்ல.

குழந்தைகள் இந்த எல்லையை ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒவ்வொன்றாக, நடுவில் மாதக்கணக்கில் இடைவெளி விட்டுத்தான் கடக்கின்றன. மூன்றோ நான்கோ கைவந்த பிறகு மற்ற எண்கள் ஏறக்குறைய ஒரேயடியாகப் பிடிபடும். பல குழந்தைகளுக்கு இது மூன்றரைக்கும் நான்கரைக்கும் நடுவில் நடக்கிறது. உங்கள் மகளுக்குச் சற்றுத் தாமதம், அவ்வளவுதான். கையில் பொருள் கொடுக்காமல் வாயால் மட்டும் சொல்லவைத்த பிள்ளைகளிடம் இதை அடிக்கடி பார்க்கலாம்.

எல்லை மூன்று என்று வைத்துக்கொள்வோம். இனி வேலை நான்கிலும் ஐந்திலும்தான், ஏழில் அல்ல. மொத்தத்தை முதலில் சொல்லி, பிறகு எண்ணி, மறுபடி மொத்தத்தைச் சொல்லுங்கள்: “இங்க நாலு மூடி இருக்கு. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. நாலு மூடி.” எண்ணி முடித்த பிறகு மட்டும் சொல்வதைவிட இந்த வரிசை நன்றாக வேலை செய்கிறது. ‘நாலு’ என்ற சொல் கடைசி மூடியின் பெயர் அல்ல, கூட்டத்தின் அளவு என்பது காதில் விழுந்துகொண்டே இருக்கும். பிறகு அந்த நான்கையும் துணியால் மூடிவிட்டு “உள்ள எத்தனை இருக்கு?” என்று கேளுங்கள். மறுபடி எண்ண வழியில்லாததால் மனதில் பிடித்துவைத்த எண்ணைச் சொல்லியாக வேண்டும். அடுத்து, கண் முன்னாலேயே இன்னொன்றை உள்ளே தள்ளி “இப்ப?” என்று கேட்கலாம்.

சமையலறையில் இதற்கு நல்ல பயிற்சி உண்டு. “நாலு தட்டு எடுத்துட்டு வா” என்று அனுப்புங்கள், ஆனால் ஒரே நடையில் கொண்டுவர வேண்டும். ஒவ்வொன்றாக நான்கு நடை நடந்தால் ‘அப்பாவுக்கு, பாட்டிக்கு’ என்று ஆளுக்கு ஒன்று பொருத்திவிடுவாள், எண் தேவைப்படாது. ஒரே நடை என்றால்தான் அந்த நாலைத் தலைக்குள் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கும்.

எண்ணும்போது வரும் பிழைகளைக் கவனித்தால் காரணம் தெரியும். பேச்சில் ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு என்று எட்டு வரை எல்லாமே இரண்டு அசை. சில குழந்தைகள் ‘மூ’ என்று ஒரு மூடியையும் ‘ணு’ என்று அடுத்ததையும் தொட்டுவிடும். ‘ஒம்பது’ மூன்று அசை என்பதால் அங்கே விரல் தடுமாறும். தொடுவதற்குப் பதிலாக நகர்த்தச் சொல்லுங்கள். இரண்டு தட்டு வைத்து, சொல்லும் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு மூடியை இந்தத் தட்டிலிருந்து அந்தத் தட்டுக்கு மாற்றினால் இரட்டைத் தொடுகை தானாகவே நின்றுவிடும். வரிசையில் சரியாக வந்த பிறகு இரண்டு வரிசை, அப்புறம் சிதறிக் கிடப்பவை, கடைசியில் வட்டம். வட்டத்தில் எங்கே தொடங்கினோம் என்பது மறந்து சுற்றிக்கொண்டே போவாள். ஒரு மூடியை வேறு நிறத்தில் வைத்து ‘இதுதான் முதல்’ என்று காட்டுங்கள்.

புளியங்கொட்டை, சோழி, பட்டாணி எல்லாம் நல்லவைதான். வீட்டில் மூன்று வயதுக்குக் குறைந்த தம்பியோ தங்கையோ இருந்தால் வேண்டாம், மூக்கிலோ தொண்டையிலோ போகும். பெரிய பாட்டில் மூடி போதும்.

பார்த்தவுடன் தெரிவது, ஐந்தும் மீதியும்

மூன்று நான்கு பொருள் வரை எண்ணாமலே கண் சொல்லிவிடும். அதற்கு மேல் கூட்டமாகப் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். ஏழு என்றால் ஏழு தனித்தனி ஒன்றுகள் என்று பார்க்கும் குழந்தை கூட்டலில் தவிக்கும். ஐந்தும் இரண்டும் என்று பார்க்கும் குழந்தை வேகமாகப் போகும்.

கடைசியில் குப்பைக்குப் போகும் முட்டை அட்டை இதற்கு அருமையான கருவி. முப்பது முட்டை அட்டையில் ஒரு பக்கம் ஐந்து குழி, மறுபக்கம் ஆறு. ஐந்து குழி கொண்ட வரிசைகளை இரண்டிரண்டாக வெட்டினால், மேலே ஐந்து கீழே ஐந்து என்று பத்துக் குழி உள்ள மூன்று சட்டகம் கிடைக்கும். மேல் வரிசையை இடமிருந்து வலமாக நிரப்பிய பிறகே கீழ் வரிசைக்குப் போக வேண்டும் என்பது மட்டும் விதி. ஏழு போட்டவுடன் மேலே முழு வரிசை, கீழே இரண்டு. மூன்று குழி காலி. “ஏழுக்கு இன்னும் எத்தனை போட்டா பத்து?” என்ற கேள்விக்கு விடை கண்ணெதிரே இருக்கும். ஐந்து நொடி காட்டி மூடிவிட்டு எத்தனை என்று கேட்பது அடுத்த கட்டம். முதல் மாதம் ஐந்துக்குள், பிறகு பத்துக்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தாயக்கட்டையும் நல்லது. பக்கங்களில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளியும் ஒரு வெறும் பக்கமும் இருப்பதால் பூஜ்யமும் சேர்ந்து வந்துவிடும். ஒரு கட்டையை மட்டும் உருட்டித் தொடங்கி, பிறகு இரண்டாக்குங்கள். இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு என்ற பெரியவர்களின் விதியைச் சின்னப் பிள்ளைகளுடன் ஆடும்போது தள்ளிவையுங்கள்.

தரையில் சாக்பீஸால் இடமிருந்து வலமாகப் பத்துக் கட்டம் போட்டு 1 முதல் 10 வரை எழுதி, காய் நகர்த்தும் ஆட்டம் ஆடலாம். கீதா ரமணி, ராபர்ட் சீக்லர் இருவரும் 2008இல் அமெரிக்காவில் ஏழைக் குடும்பத்துக் குழந்தைகளிடம் இதைச் சோதித்தார்கள். இரண்டு வாரத்தில் நான்கு முறை, ஒவ்வொரு முறையும் கால் மணி நேரம் போல ஆடியதிலேயே எண்களின் அளவு பற்றிய புரிதல் முன்னேறியது. எண்ணுக்குப் பதில் நிறம் மட்டும் இருந்த பலகையில் ஆடியவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. ஒரு நுணுக்கம்: காய் 5இல் இருந்து இரண்டு நகர்ந்தால் “ஒண்ணு, ரெண்டு” என்று சொல்லக் கூடாது, “ஆறு, ஏழு” என்று கட்டத்தில் உள்ள எண்ணைச் சொல்ல வேண்டும். பெரிய எண்ணிலிருந்து தொடர்ந்து எண்ணும் பழக்கம் இங்கேதான் பிறக்கிறது. பரமபதம் இதற்கு உதவாது. ஒரு வரி இடமிருந்து வலம், அடுத்த வரி வலமிருந்து இடம் என்று வளைந்து போவதால் இந்த வயதில் குழப்பும். ஏழு வயதுக்கு மேல் ஆடட்டும்.

விரல் விட்டு எண்ணுவதைத் தடுக்காதீர்கள். ஆனால் பெரியவர்கள் போலக் கட்டைவிரலால் கணுக்களைத் தொட்டு எண்ணக் கற்றுத்தர வேண்டாம். விரலுக்கு மூன்று கணு என்று போனால் ஐந்து, பத்து என்ற கைக்கணக்கு கலைந்துவிடும். முழு விரலாகவே மடக்கட்டும்.

பத்துக்கு மேல்

பள்ளி ஆங்கில வழி என்றாலும் அளவைத் தமிழில் முதலில் பிடிக்கவையுங்கள். பதினாலு என்னும்போது பத்து முன்னால், நாலு பின்னால் வருகிறது. எழுதுவதும் அப்படியே, 14. ‘ஃபோர்டீன்’ என்பதில் நாலு முதலில் கேட்பதால் 41 என்று எழுதும் குழந்தைகள் நிறைய. ‘லெவன்’, ‘ட்வெல்வ்’ இரண்டிலும் பத்து இருப்பதே தெரியாது. ‘தர்ட்டீன்’, ‘தர்ட்டி’ காதில் ஒன்றாகவே விழும்.

தமிழிலும் ஒரு கண்ணி இருக்கிறது, ஒன்பது. இருபது, முப்பது போல அதிலும் ‘பது’ இருக்கிறது. தொண்ணூறில் ‘நூறு’ கேட்கிறது. அதனால் எண்பத்தொன்பதுக்கு அடுத்து நின்றுவிடுவதும், இருபத்தொன்பதுக்கு அடுத்து ‘இருபத்துப்பத்து’ என்று சொல்வதும் வழக்கம். இருபத்துப்பத்து என்பது நல்ல பிழை. வரிசையின் விதியைத் தானாகக் கண்டுபிடித்ததன் அடையாளம். திட்டாமல், “சரி, இருபதும் பத்தும் சேர்ந்தா அதுக்கு ஒரு பேர் இருக்கு, முப்பது” என்று சொல்லிக் கட்டைப் பிரித்துக் காட்டுங்கள்.

கட்டு என்றால் ஈர்க்குச்சிக் கட்டு அல்லது ஐஸ் குச்சிக் கட்டு. பத்துப் பத்தாக எண்ணி ரப்பர் பேண்ட் போடுவதைக் குழந்தையே செய்ய வேண்டும். நீங்கள் கட்டி வைத்ததைக் கொடுத்தால் அது பத்து என்று அவளுக்குத் தெரியாது, வெறும் ஒரு தடித்த குச்சிதான். பத்து ரூபாய் நாணயம் இதே காரணத்தால் இப்போது வேண்டாம். ஒரு ரூபாயைப் போலப் பத்து மடங்கு அதில் எங்கும் கண்ணுக்குத் தெரியாது.

இருபத்து மூன்றை 203 என்று எழுதும் பிழை கட்டாயம் வரும். காதில் ‘இருபது’, ‘மூணு’ என்று கேட்கிறது, இருபதை 20 என்று எழுதத் தெரியும், பக்கத்தில் 3 போடுகிறாள். தபால் அட்டை மாதிரியான தடித்த தாளில் 20 என்று ஒரு நீள அட்டையும், அதில் பாதி அகலத்துக்கு 3 என்று ஒரு சின்ன அட்டையும் வெட்டிக்கொள்ளுங்கள். சின்ன அட்டையை 20இன் பூஜ்யத்தின் மேல் வைத்தால் 23. தூக்கினால் பூஜ்யம் கீழே இருக்கிறது. பத்து முறை மூடித் திறந்து விளையாடினால் பிழை தேயத் தொடங்கும். 10 முதல் 90 வரை ஒன்பது நீள அட்டை, 1 முதல் 9 வரை ஒன்பது சின்ன அட்டை, மொத்தம் பதினெட்டே போதும்.

இதில் எதற்கும் அவசரம் இல்லை. தமிழக அரசுப் பள்ளிகளில் 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துத்தான் பிரிக்கிறது. யு.கே.ஜி.யிலேயே நூறு வரை எழுதி முடித்துவிட வேண்டும் என்ற பதற்றம் பெரும்பாலும் பெற்றோரும் தனியார் பள்ளிகளும் சேர்ந்து வளர்த்தது.

கை ஏன் வலிக்கிறது

ஒரு வெள்ளைத் தாளில் நீங்கள் வரைந்து காட்டி அவளை அதேபோல வரையச் சொல்லுங்கள். நேர்க்கோடும் வட்டமும் மூன்று வயதில் வரும். கூட்டல் குறி நான்கில், சதுரம் நான்கரையில், பெருக்கல் குறி ஐந்தை ஒட்டி, முக்கோணம் அதற்குப் பிறகு. சாய்கோடு சேர்ந்த வடிவங்கள்தான் கடைசி. கூட்டல் குறியும் சதுரமும் வரவில்லை என்றால் எழுத்தை நிறுத்திவிட்டுக் கோடுகளுக்குப் போங்கள். வராத கோட்டை எழுத்துக்குள் வரவழைக்க முடியாது.

வலிக்குப் பொதுவான காரணம் அழுத்தம். தாளைத் திருப்பித் தடவிப் பாருங்கள். பின்பக்கம் எழுத்து புடைத்திருந்தால், எழுதும்போது விரல் நுனி வெளுத்திருந்தால் அழுத்துகிறாள் என்று பொருள். பென்சில் கடினமானதாக இருந்தால் கோடு மங்கலாக விழும், பிள்ளை இன்னும் அழுத்தும். 2பி பென்சில் கொடுங்கள், தொட்டாலே கருப்பாக விழும். தாளுக்கு அடியில் நான்கைந்து செய்தித்தாள் மடித்து வைத்தால் அழுத்தும்போது தாள் கிழியும். நீங்கள் சொல்லாமலே கை கற்றுக்கொள்ளும்.

பிடியைச் சரிசெய்ய ரப்பர் மாட்டி வாங்குவதைவிடக் குட்டைத் துண்டு நல்லது. இரண்டு, மூன்று சென்டிமீட்டர் நீளமுள்ள சாக்பீஸையோ பல்பத்தையோ முழுக் கையால் பிடிக்க இடமில்லை. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் தானாகக் கூடிவிடும். மோதிர விரலும் சுண்டு விரலும் விரிந்து நின்றால் ஒரு சின்னப் பஞ்சு உருண்டையை அவற்றுக்குள் அடக்கிக்கொண்டு எழுதச் சொல்லுங்கள். பென்சிலில் நுனிக்கு மேலே இரண்டு, இரண்டரை சென்டிமீட்டரில் பிடி இருக்க வேண்டும். அந்த இடத்தில் ஒரு கோடு போட்டு வையுங்கள். நான்கு விரலால் பிடித்தாலும் வலியில்லாமல், தெளிவாக, ஓரளவு வேகத்துடன் எழுதினால் அதை மாற்றத் தேவையில்லை.

சிலேட்டு வீட்டில் கிடந்தால் எடுங்கள். பல்பம் உரசும் தடை கைக்குத் திசையைச் சொல்லும், வழுவழுப்பான வெள்ளைப் பலகையில் பேனா வழுக்கி ஓடிவிடும். பல்பத்தைக் கடித்துத் தின்னும் பழக்கம் இருந்தால் கண்டிப்பதோடு விடாதீர்கள். மண், சுண்ணாம்பு, பல்பம் தின்னும் ஆசைக்குப் பின்னால் இரும்புச்சத்துக் குறைவு இருக்கலாம், மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள்.

சுவரில் கண் உயரத்துக்குக் கரும்பலகை மாட்டி நின்றுகொண்டு எழுதுவது, ஈரத் தூரிகையால் சிமெண்ட் சுவரில் பெரிய வட்டம் போடுவது, சப்பாத்தி மாவு பிசைவது, கீரை ஆய்வது, துணி கிளிப் மாட்டுவது எல்லாம் விரலுக்கும் தோளுக்கும் வலு தரும். சிக்குக்கோலம் போடும் வீடு என்றால் மூன்றுக்கு மூன்று புள்ளி வைத்து அதைச் சுற்றி வளைக்க விடுங்கள். தமிழ் எழுத்துகளில் சாய்கோடு குறைவு, வளைவும் சுழியும்தான் அதிகம். புள்ளியைச் சுற்றி வளைக்கும் கைக்கு அவை சுலபம். விஜயதசமிக்கு மட்டும் எடுக்கும் அரிசித் தாம்பாளத்தையும் தினசரிக் கருவியாக்கலாம். பச்சரிசியைவிட ரவையில் கோடு தெளிவாக விழும். அரை சென்டிமீட்டர் கனத்துக்கு மேல் பரப்பினால் விரல் புதையும், கோடு மூடிக்கொள்ளும்.

உட்காரும்போது பாதம் எதிலாவது ஊன்றியிருக்க வேண்டும், எட்டவில்லை என்றால் முக்காலி போடுங்கள். மேசை முழங்கை உயரம். தரையில் என்றால் சாய்வான கணக்குப்பிள்ளை மேசை மிக நல்லது. குப்புறப் படுத்து எழுத விடாதீர்கள். வலக்கைப் பிள்ளைக்குத் தாளின் மேல்பக்கம் சற்று இடப்பக்கம் சாயட்டும், இடக்கை தாளைப் பிடித்திருக்கட்டும்.

இடக்கைப் பிள்ளை என்றால் எல்லாம் கண்ணாடி போல மாறும். தாள் உடலின் நடுவுக்கு இடப்பக்கம், மேல்பக்கம் வலப்பக்கம் நன்றாகச் சாய்ந்து, பிடி நுனியிலிருந்து மூன்று, நான்கு சென்டிமீட்டர் உயரத்தில். அப்போதுதான் எழுதியது கையால் மறையாது, மணிக்கட்டைக் கொக்கியாக வளைக்கவும் மாட்டாள். பக்கத்தில் ஒரு வலக்கைப் பிள்ளை உட்கார்ந்தால் அவளை இடப்பக்கம் உட்காரவையுங்கள், முழங்கை இடிக்காது. கையை மாற்றச் சொல்லும் பாட்டிகளிடம் கொஞ்சம் உறுதியாக இருங்கள்.

திரும்பிய 3, திரும்பிய 7

ஏழு வயது வரை இது இயல்பு. குவளையின் கைப்பிடி இடப்பக்கம் இருந்தாலும் வலப்பக்கம் இருந்தாலும் அது குவளைதான் என்று மூளை பிறந்ததிலிருந்து பழகியிருக்கிறது. எழுத்துக்கு மட்டும் திசை முக்கியம் என்பது புதுப் பாடம். சிவப்பு மையால் சுழிப்பதால் அது வேகமாக ஏறாது.

இலக்கங்களை 1, 2, 3 என்ற வரிசையில் எழுதப் பழக்குவதுதான் குழப்பத்தை வளர்க்கிறது. கை ஓடும் திசையை வைத்துப் பிரியுங்கள். 1, 4 நேர்க்கோட்டுக்காரர்கள். 2, 3, 7 மூன்றும் கட்டத்தின் இடப்பக்க மேல் மூலையில் தொடங்கி வலப்பக்கம் ஓடுகின்றன. 0, 6, 8, 9 மேலே தொடங்கி இடப்பக்கம் வளைகின்றன. 5 தனி: கீழே இறங்கி, வயிறு போட்டு, கடைசியில் மேலே போய்த் தொப்பி. தொப்பியில் தொடங்கும் பிள்ளைகளின் 5 நாளடைவில் எஸ் ஆகிவிடும். இரண்டு வட்டத்தை ஒட்டி 8 போடுவதையும் தொடக்கத்திலேயே நிறுத்துங்கள். உங்கள் மகளுக்கு இரண்டு வாரம் 2, 3, 7 மட்டும். ஒவ்வொரு கட்டத்தின் இடப்பக்க மேல் மூலையிலும் பச்சைப் புள்ளி வைத்துக் கொடுங்கள். “புள்ளியில நில்லு, ஜன்னல் பக்கம் ஓடு” என்று அறையில் வலப்பக்கம் உள்ள ஒரு பொருளைச் சொல்லுங்கள், இடம் வலம் இந்த வயதில் நிற்காது. 6, 9 இரண்டையும் ஒரே வாரத்தில் எடுக்காதீர்கள்.

புள்ளிக்கோட்டின் மேல் எழுதும் புத்தகங்களை நான் அதிகம் நம்புவதில்லை. பிள்ளை புள்ளிகளை ஒட்டுகிறதே தவிர எழுத்தை எழுதுவதில்லை, எங்கே தொடங்கினாலும் முடிவில் படம் சரியாகத்தான் இருக்கும். கரின் ஜேம்ஸ் 2012இல் இன்னும் படிக்கத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளைகளைச் சோதித்தபோது, தாங்களாகக் கையால் எழுதிப் பழகிய எழுத்துகளைப் பார்க்கும்போதுதான் வாசிப்புக்கு உதவும் மூளைப் பகுதிகள் விழித்தன. கோட்டின் மேல் எழுதியோ தட்டச்சு செய்தோ பழகிய எழுத்துகளுக்கு அப்படி இல்லை. வர்ஜினியா பெர்னிங்கரின் 1997 ஆய்வில் பலவிதப் பயிற்சிகளை ஒப்பிட்டபோது, எண்ணிட்ட அம்புக்குறிகளைப் பார்த்துவிட்டு, மூடிவைத்து, நினைவிலிருந்து எழுதிய முறையே முந்தியது. வீட்டில் அதையே செய்யுங்கள். அம்பு போட்ட மாதிரியைப் பார், மூடு, மூன்று நொடி பொறு, எழுது, திறந்து ஒப்பிடு. ஓர் எழுத்துக்கு ஐந்து முறை போதும். கடைசியில் எது நன்றாக வந்தது என்று அவளையே வட்டமிடச் சொல்லுங்கள். அழிரப்பரை ஒளித்துவையுங்கள்.

ஒரு பக்கம் முழுக்க அ எழுதச் சொன்னால் கடைசி வரி அ போலவே இருக்காது. மேலே உள்ள உங்கள் மாதிரியைப் பார்ப்பது முதல் வரியோடு முடிகிறது. அப்புறம் தான் எழுதிய கோணலைப் பார்த்தே எழுதுகிறாள். வரிக்கு வரி இடப்பக்கம் மாதிரி போட்டுக் கொடுங்கள், அல்லது கீழ் வரியிலிருந்து மேலே எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

தமிழ் எழுத்துகளில் பாடும் வரிசை அ, ஆ, இ, ஈ. எழுதும் வரிசை அதுவாக இருக்க வேண்டியதில்லை. இ, ஐ எல்லாம் பெரியவர் கைக்கே சுற்று அதிகம். ட, ப, ம மூன்றில் தொடங்குங்கள். புள்ளியைச் சேர்த்தால் உடனே படம், பட்டம், மடம், மட்டம் எழுதலாம், படிக்கலாம். பிறகு ய, ர, வ, ல. சுழி எண்ண வேண்டிய ன, ண இரண்டுக்கும் நடுவில் இரண்டு வாரமாவது இடைவெளி வேண்டும், “ரெண்டு சுழி, மூணு சுழி” என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதட்டும். கெ, கே, கை வரும்போது காதில் ‘க்’ முதலில் கேட்பதால் க எழுதிவிட்டுக் கொம்பை வலப்பக்கம் ஒட்டுவாள், அல்லது இடமில்லாமல் இடுக்குவாள். எழுதும் முன் “இதுக்கு முன்னாடி யாராவது நிக்கணுமா?” என்று கேட்கும் பழக்கம் போதும். தாத்தா பாட்டி எழுதிக்காட்டும் வீட்டில் லை, னை, ணா, றா போன்றவை 1978 சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவத்தில் வரலாம், பார்த்துக்கொள்ளுங்கள்.

நோட்டு: எண்ணுக்கு இரண்டு சென்டிமீட்டர் கட்டம் நீங்களே கோடு போட்டது, சரியான பிறகு ஒரு சென்டிமீட்டர். தமிழுக்கு அகலமான இரட்டைக்கோடு. நான்கு கோட்டு நோட்டு தமிழுக்கு வேண்டாம்.

இரண்டு பக்க வீட்டுப்பாடம்

வகுப்பாசிரியரிடம் நேரில் பேசுங்கள். இரண்டு பக்கத்துக்குப் பதில் மாதிரியோடு ஆறு வரி ஒழுங்காக எழுதித் தருகிறோம் என்று கேட்டால் பலரும் ஒப்புக்கொள்வார்கள், அவர்களுக்கும் திருத்த வேண்டிய பக்கம் குறையும். மறுத்தால் காலை மூன்று வரி, மாலை மூன்று வரி என்று உடையுங்கள், அதற்கு மேல் மீதியை விட்டுவிட்டு ‘கை வலித்தது, நிறுத்தினோம்’ என்று நோட்டில் எழுதிக் கையெழுத்திடுங்கள். அம்மாவே இடக்கையால் கோணலாக எழுதி அனுப்பும் வீடுகள் ஊரில் ஏராளம், அந்த வழி வேண்டாம்.

நேரக் கணக்கு: எண் விளையாட்டு பத்து நிமிடம், எழுதுவது ஏழெட்டு நிமிடம், இரண்டுக்கும் நடுவில் ஓடியாடும் நேரம். வாரத்தில் ஐந்து நாள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ‘குடு’ சோதனையைத் திரும்பச் செய்து எல்லை எங்கே நகர்ந்தது என்று தேதி போட்டுக் குறித்து வையுங்கள்.

மூன்று மாதம் இப்படிச் செய்தும் எல்லை நகரவில்லை என்றால், ஐந்து வயது முடிந்தும் வட்டமும் கூட்டல் குறியும் வரவில்லை என்றால், நோட்டை முகத்தோடு ஒட்டிப் பிடித்தால், கூப்பிட்டால் அடிக்கடி திரும்பாவிட்டால், முதலில் கண்ணும் காதும் சோதித்துவிட்டுக் குழந்தை நல மருத்துவரைப் பாருங்கள். தேவைப்பட்டால் அவர் ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம், அதாவது எழுதுவது போன்ற அன்றாட வேலைகளுக்குப் பயிற்சி தருபவரிடம் அனுப்புவார். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் குழந்தைகளுக்கான ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் உண்டு. போகும்போது அந்தத் தேதி போட்ட குறிப்பையும், அவள் எழுதிய நான்கைந்து தாள்களையும் திருத்தாமல் அப்படியே எடுத்துப் போங்கள்.